எஸ்கோட் லிஸ்டைப் பார்த்துவிட்டுச் சுடுங்கோ

ஏ.எல். சோதினை எழுதி முடித்துவிட்டு, றிசல்ட் வரும்வரை பொழுதைப் போக்காட்டத் தெரியாமல் இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இது. போனில் விரலால் தட்டுகிற விளையாட்டுகளைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு விண்வெளிச் சண்டை விளையாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கதையோடு விளையாடிப் பாருங்கோ. நான் கைகாட்டுவது ஃப்ரீஸ்பேஸ் 2. அதைவிட முக்கியமாக, அதன்மேல் ரசிகர்கள் கட்டிய தொடர்கள். கம்பெயின் என்பார்கள். ஒரு மிஷன் முடிய அடுத்தது திறக்கும். கதையும் அதோடு நகரும்.

வொலிஷன் என்ற அமெரிக்க நிறுவனம் செய்து, இன்டர்பிளே 1999 செப்டெம்பர் 30இல் வெளியிட்ட விளையாட்டு இது. உங்களில் பலர் அப்போது பிறக்கவேயில்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஆனால் விற்பனை காணாது. கதை ஒரு பெரிய கேள்வியோடு நின்றது. மூன்றாம் பாகம் வரவேயில்லை. 2002இல் வொலிஷன்காரர் விளையாட்டின் மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அந்த நிரலைத் திருத்தித் திருத்தி, புதுக் கணினிகளில் ஓடவைத்து, படங்களை மெருகேற்றி, புதுக் கதைகளையும் குரல்களையும் சேர்த்தது முழுக்க ரசிகர்களின் வேலை. ஒரு சதம் கூலி கிடையாது. ஃப்ரீஸ்பேஸின் உரிமையை 2013இல் இன்டர்பிளே வெறும் 7,500 டொலருக்கு வாங்கியது. 2023 ஓகஸ்டில் வொலிஷனையே மூடிவிட்டார்கள். ரசிகர்களின் வேலை மட்டும் இன்றைக்கும் நடக்கிறது. அதனால்தான் இந்தத் தொடர்களை அவதியாக ஓடிமுடிக்காமல், கட்டினவர்களின் உழைப்புக்கு மதிப்புக் கொடுத்து ஆறுதலாக விளையாடச் சொல்லுகிறேன்.

முதலில் மூல விளையாட்டு வேண்டும். ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடையில் விற்கிறார்கள். எங்கள் காங்கேசன்துறைப் பக்கத்தில் லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு மாமாவோ சித்தியோ இல்லாத வீடு குறைவு. “என்ன அனுப்பிவிட?” என்று அவர்கள் கேட்கும்போது உடுப்புக்கும் சொக்லேட்டுக்கும் பதிலாக இதைக் கேளுங்கோ. அங்கேயிருந்தே காசு கட்டி உங்களுக்குப் பரிசாக அனுப்பலாம். களவுப் பிரதி தேடி மினக்கெடாதேயுங்கோ. அதில் பைல் ஒன்று குறைந்தாலும் ரசிகர் தொடர்கள் பாதியில் விழும். எங்கே பிழை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிறகு நொசொஸ் என்ற இலவச மென்பொருளை இறக்குங்கோ. புதுப் பதிப்புக்குப் பெயர் நொசொஸ்.நெற். மூல விளையாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அதற்குக் காட்டிவிட்டால், ரசிகர்கள் செய்த இயந்திரத்தையும் (விளையாட்டை ஓட்டுகிற நிரல்) தொடர்களையும் அதுவே இறக்கி உரிய இடத்தில் வைக்கும். மீடியா வீ.பி. என்ற மெருகூட்டிய படத் தொகுதி மட்டும் பல ஜீ.பி. வரும். பகல் டேட்டாவில் கைவைக்காதேயுங்கோ. இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் படுக்கப்போக முதல் போட்டுவிடுங்கோ, காலமை எழும்ப முடிந்திருக்கும். பழைய லப்டொப் என்றால் அது ஓபன்ஜிஎல் 3.2ஐத் தாங்குமா என்று முதலில் பாருங்கோ. தாங்கினாலும் நிழலையும் ஒளிச் சோடனைகளையும் நிறுத்திவிட்டு விளையாடினால் வேகம் கிடைக்கும். சண்டை நடக்கும்போது அந்தச் சோடனையைப் பார்க்க ஒருவருக்கும் நேரமிருக்காது.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. காங்கேசன்துறைக் காற்றில் உப்பு இருக்கிறது. யூ.எஸ்.பி. வாய், கீபோட்டின் அடிப்பக்கம், காத்தாடி எல்லாவற்றையும் அது மெல்ல மெல்ல அரிக்கும். யன்னலுக்கு நேரே லப்டொப்பை வைக்காதேயுங்கோ. விளையாடி முடிய, சூடு ஆறினபிறகு துணியால் மூடிவையுங்கோ. ஜொய்ஸ்டிக் இருந்தால் அதையும் பையில் போட்டுவையுங்கோ.

ஜொய்ஸ்டிக் இல்லையென்று கவலைப்படத் தேவையில்லை. செற்றிங்ஸில் மவுஸால் ஓட்டுவதைத் தெரிவுசெய்யலாம், கை பழகிவிடும். முக்கியமானது பட்டன்களை உங்கள் கைக்கு ஏற்ப மாற்றுவது. துப்பாக்கி, ஷீல்ட், எஞ்சின் மூன்றுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பட்டன்கள் இன்சேர்ட், டிலீட், ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன். பெரிய கீபோட்டில் இவை ஆறும் ஒரே இடத்தில் இருக்கும். லப்டொப்பில் ஒன்று ஒரு மூலை, மற்றது இன்னொரு மூலை. சிலதில் எஃப்.என். பட்டனையும் சேர்த்து அமத்தவேணும். சண்டைக்கு நடுவில் அது சரிப்பட்டு வராது. இடது கைக்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்துகளுக்கு அவற்றை மாற்றிவிட்டு, முதல் இரண்டு பயிற்சி மிஷன்களையும் அதற்காகவே விளையாடுங்கோ. அடி விழும்போது ஷீல்டுக்குச் சக்தி, துரத்தும்போது எஞ்சினுக்கு, பெரிய கப்பலைக் குறிவைக்கும்போது துப்பாக்கிக்கு. இது கையில் ஊறினால் பாதிச் சண்டை வென்ற மாதிரி.

கரண்ட் விஷயம். மிஷனுக்கு நடுவில் சேமித்துவைக்கிற வசதி மூல விளையாட்டில் இல்லை. முப்பது நிமிட மிஷனில் இருபத்தெட்டாம் நிமிடம் கரண்ட் போனால் முதலிலிருந்துதான். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டதையும் மறந்திருக்கமாட்டீர்கள். டெஸ்க்டொப் வைத்திருப்பவர்கள் சின்ன யூ.பி.எஸ். ஒன்றாவது வையுங்கோ. லப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மிஷனைத் தொடங்குங்கோ. மிஷன் முடிந்து, அறிக்கையைப் பார்த்து, ‘அக்செப்ட்’ கொடுத்தபிறகுதான் அது பதிவாகும். அதற்கு முதல் எழும்பிப் போகாதேயுங்கோ.

இனி நான் கட்டாயம் சொல்லவேண்டியது ஒன்று. இயர்போன் போட்டு விளையாடுங்கோ. இதில் சத்தம் பெரிசு. பெரிய கப்பல் வெடிக்கும்போது வருகிற அந்த அதிர்வு, பீம் என்ற கதிர் பாயும்போது எழும் இரைச்சல், றேடியோவில் ஆட்கள் கத்துகிற குரல் எல்லாம் நல்ல ஸ்பீக்கரில் சுவரையே உலுப்பும். உங்களுக்கு அது விளையாட்டு. பக்கத்து அறையில் படுத்திருக்கிற அம்மம்மாவுக்கு அப்படியில்லை. 1990 ஜூனில் யுத்தத்தால் வலிகாமம் வடக்கை விட்டுச் சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டபோது அவ இளம் தாய். ஷெல் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய காது அவவுடையது. எங்கள் வீட்டில் பட்டாசுக்கே அம்மம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பா. அந்தக் காதுக்கு முன்னால் வெடிச்சத்தத்தை ஸ்பீக்கரில் விடாதேயுங்கோ. பகலிலும்தான்.

மிஷனுக்குள் வருவோம். இந்த விளையாட்டில் நீங்கள் ஓட்டுவது சின்ன ஒற்றை விமானம். உங்களைச் சுற்றி நடப்பது கிலோமீற்றர் நீளக் கப்பல்களின் யுத்தம். கொன்வோய் ஒன்றைக் காப்பது, மருத்துவக் கப்பலைத் துணைக்கு நின்று அனுப்புவது, அகதிகளை ஏற்றிய கப்பல்கள் போகும்வரை எதிரியை மறிப்பது என்றுதான் பெரும்பாலான மிஷன்கள் வரும். கப்பெல்லா என்ற நட்சத்திரத்தை விட்டுச் சனத்தை வெளியேற்றுவதுதான் மூலக்கதையின் கடைசிக் கட்டமே. ஆகவே மிஷன் தொடங்கினதும் முதலில் பார்க்கவேண்டியது திரையின் வலப்பக்கம் இருக்கிற எஸ்கோட் லிஸ்ட். நீங்கள் காக்கவேண்டிய கப்பல்களின் பெயரும், ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை வீதம் தாக்குப்பிடிக்கும் என்பதும் அதில் இருக்கும். அந்தப் பெயர்களைப் படித்துவிட்டுச் சுடுங்கோ.

புதிதாக விளையாடுகிற எல்லாரையும் எதிரி ஒரே மாதிரித்தான் மாட்டிவைப்பான். முதலில் சண்டை விமானங்களை அனுப்புவான். நீங்கள் ஒன்றைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விடுவீர்கள். அந்த நேரம் பார்த்துக் குண்டுவிமானங்கள் வந்து கொன்வோயின்மேல் குண்டை விட்டுவிட்டுப் போய்விடும். எதிரி விமானம் ஒன்பதை வீழ்த்தியும் மிஷன் தோல்வி என்று வரும். இதற்கு மருந்து மூன்று பட்டன். ‘ஈ’ அமத்தினால் எஸ்கோட் லிஸ்டில் உள்ள கப்பல் குறியாக வரும். உடனே ‘ஜி’ அமத்தினால் அந்தக் கப்பலைத் தாக்குகிறவர்களில் கிட்ட நிற்கிறவன் குறியாக வருவான். ‘பி’ அமத்தினால் கிட்ட வருகிற குண்டே குறியாகும். ஓம், குண்டையும் சுட்டு வீழ்த்தலாம். குண்டு மெதுவாகத்தான் வரும். ஆனால் கிட்டப்போய்ச் சுட்டால் அதன் அதிர்வு உங்களையும் தாக்கும், கொஞ்சம் தள்ளி நின்றே சுடுங்கோ. ஈ, ஜி, பி. நித்திரையிலும் விரல் போகிற அளவுக்குப் பழகுங்கோ. காக்கிற கப்பலில் இருந்து 1,500 மீற்றருக்கு மேல் தள்ளிப் போய்விட்டீர்கள் என்றால் துரத்துவதை விட்டுத் திரும்புங்கோ. தப்பியவன் திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கூட வருகிற விமானிகளைச் சும்மா விட்டுவைப்பதும் பலருடைய பழக்கம். ‘சி’ அமத்தினால் கட்டளைப் பட்டியல் வரும். என் குறியைத் தாக்கு, இதைக் காப்பாற்று, எனக்குப் பக்கத்தில் அணிவகு, இதைத் தொடாதே என்றெல்லாம் சொல்லலாம். நான் சொல்லுகிற முறை: ஒரு அணியைக் கொன்வோயுக்குக் காவல் போட்டுவிட்டு, மற்ற அணியோடு நீங்கள் போங்கோ. ‘கப்பலை அழிக்காதே, எஞ்சினை மட்டும் முடக்கு’ என்று மேலிடத்து ஓடர் வருகிற மிஷன்களில் ‘தொடாதே’ என்ற கட்டளை மிகவும் உதவும். இல்லாவிட்டால் உங்கள் ஆட்களே ஆர்வத்தில் அடித்து அந்தக் கப்பலை வெடிக்கவைத்துவிடுவார்கள்.

மிசைல் முடிந்தால் ‘ஷிஃப்ட்’டோடு ‘ஆர்’ அமத்துங்கோ, நிரப்புகிற கப்பல் வரும். எதிரி பக்கத்தில் நிற்கும்போது கூப்பிட்டால் அதையும் அடித்துவிடுவான். ‘ரெட் அலர்ட்’ என்று வந்தால் இன்னும் கவனம். அந்த வகையில் அடுத்த மிஷன் இடைவெளியில்லாமல் தொடரும்; உங்கள் விமானம் பட்ட அடியோடும், மிஞ்சின மிசைலோடும்தான் அடுத்ததற்குள் போவீர்கள். இரண்டு பெரிய கப்பல்கள் ஒன்றையொன்று பீமால் தாக்கும்போது நடுவில் பறக்காதேயுங்கோ. பார்க்க வடிவாகத்தான் இருக்கும், ஒரு கீற்றுப் பட்டாலே முடிந்தது.

கஷ்ட நிலை பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. மூல விளையாட்டை நன்றாகக் கரைத்துக் குடித்தவர்கள்தான் ரசிகர் தொடர்களைக் கட்டினார்கள். அவர்களுக்கு ‘மீடியம்’ என்பது எங்களுக்குக் கடினம். தொடரின் நடுவிலும் ‘ஈஸி’க்கு இறக்கலாம், ‘வெரி ஈஸி’யும் இருக்கிறது. ஒரே மிஷனில் ஐந்து தரம் தோற்றால் தாண்டிப் போகவா என்று விளையாட்டே கேட்கும். ஓம் என்று சொல்லி, கதையை விடாமல் பிடியுங்கோ.

எதை முதலில் விளையாடுவது? 1998இல் வந்த முதல் ஃப்ரீஸ்பேஸின் கதையை ரசிகர்கள் இரண்டாம் பாகத்தின் இயந்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், ஃப்ரீஸ்பேஸ் போர்ட் என்று பெயர். அதிலிருந்து தொடங்கி, பிறகு ஃப்ரீஸ்பேஸ் 2இன் மூலக்கதை, அதன்பிறகு ரசிகர் தொடர்கள். இந்த ஒழுங்கை மாற்றாதேயுங்கோ. ரசிகர்கள் எழுதினது எல்லாமே மூலக்கதையின் முடிவைத் தெரிந்தவர்களுக்கு.

அந்த வரிசையில் நான் முன்னுக்கு வைப்பது புளூ பிளானெட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முதல் ஃப்ரீஸ்பேஸின் முடிவில் பூமிக்குப் போகிற பாதை அறுந்துவிடும். வெளியே நின்றவர்கள் வெளியே, உள்ளே நின்றவர்கள் உள்ளே. ஒரு தலைமுறை பூமியைப் பார்க்காமலே வளரும். அரை நூற்றாண்டு கழித்துப் பாதை திறந்து திரும்பிப் போகிற படையின் கதைதான் புளூ பிளானெட்டின் முதல் பாகமான ‘ஏஜ் ஒஃப் அக்வேரியஸ்’. வருகிறவர்களின் ஞாபகத்தில் இருக்கிற பூமி ஒன்று, அங்கே இருக்கிற பூமி இன்னொன்று. உள்ளே இருந்தவர்கள் தங்களுக்கென்று வேறொரு வாழ்க்கையைக் கட்டிவிட்டார்கள். 2010இல் வந்த ‘வோர் இன் ஹெவன்’ இந்த இரண்டு பக்கத்துக்கும் இடையில் மூண்ட யுத்தத்தை மறுபக்கத்தில், பூமியைக் காக்கிற நொயெமி லப்போர்ட் என்ற பெண் விமானியாக உங்களை இருத்தி விளையாடவைக்கும். முதல் பாகத்தில் உங்கள் தோழர்களாக இருந்தவர்கள் இதில் உங்கள் குறிக்குள் வருவார்கள். எழுதியவர்களில் ஒருவர் சேத் டிக்கின்சன், பிறகு நாவலாசிரியராகப் பெயரெடுத்தவர். எழுத்தின் தரம் முதல் மிஷனிலேயே தெரியும்.

காங்கேசன்துறைப் பிள்ளைகள் இந்தத் தொடரை மற்றவர்களைவிடக் கூர்மையாக உணர்வார்கள் என்பது என் நம்பிக்கை. 1990இல் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, றெயில் நின்றது, ஊரே இராணுவ வேலிக்குள் போனது. றெயில் திரும்பி வந்தது 2015 ஜனவரி 2இல். காணிகள் கட்டம் கட்டமாகத்தான் விட்டார்கள், இன்னும் விடாத காணிகளும் இருக்கின்றன. திரும்பி வந்தவர்களில் எத்தனை பேர் கிணற்றை வைத்துத்தான் தங்கள் வளவை அடையாளம் கண்டார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கோ. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டினபிறகு எங்கள் சனம் இதே துறையில் கப்பலேறித்தான் திருகோணமலைக்குப் போய்வந்தது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு எஸ்கோட் லிஸ்டில் இருக்கிற ஒரு பயணிகள் கப்பலின் வீதம் 40, 30 என்று இறங்குவது வெறும் இலக்கமாகத் தெரியாது. அப்படியான மிஷன் ஒன்று தோற்று மனம் பாரமானால் உடனே திரும்ப விளையாடாதேயுங்கோ. எழும்பி வெளிச்சவீட்டுப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கோ.

சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன விளக்கம். ஃப்ரீஸ்பேஸ் கதையில் எல்லாரையும் அழிக்க வருகிற வேற்றுக்கிரகத்தாருக்கு ஷிவன்கள் என்று பெயர். அழிக்கும் கடவுள் என்று சிவனை எடுத்துக்கொண்டு வைத்தது. புளூ பிளானெட்காரர் அதற்கு எதிரே விஷ்ணன்கள் என்று காக்கிற இனம் ஒன்றையும் படைத்திருக்கிறார்கள். கீரிமலை நகுலேஸ்வரத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிற எங்களுக்கு முதலில் ஒரு மாதிரித்தான் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் மழுப்பாமல் கதையைச் சொல்லுங்கோ, விளங்கிக்கொள்வார்கள்.

மூல விளையாட்டு வாங்க வழியில்லாதவர்கள் மனம் விடத் தேவையில்லை. முழுதாகத் தனித்து ஓடுகிற இலவசத் தொடர்களும் உண்டு. 2012 மார்ச்சில் வந்த ‘விங் கொமாண்டர் சாகா’ ஐம்பதுக்கு மேற்பட்ட மிஷன்களோடு பெரிய கதை. கட்டி முடிக்கப் பத்து வருடமளவில் எடுத்தது. அதே வருடம் வந்த ‘டயஸ்போரா’ சின்னது, ‘பற்றில்ஸ்ரார் கலக்ரிகா’ தொலைக்காட்சித் தொடரின் உலகத்தில் நடப்பது. ஆறுதலாக இருந்து விளையாட நேரமிருந்தால் முதலாவது, கையோடு முடிக்க நினைத்தால் இரண்டாவது.

எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பயப்படாதேயுங்கோ. மிஷனுக்கு முந்திய விளக்கத்தை ஒவ்வொரு பக்கமாக நிறுத்தி வாசிக்கலாம். சண்டைக்குள் யாராவது சொன்னது விளங்காமல் போனால் ‘எஃப் 4’ அமத்துங்கோ, சொன்னதெல்லாம் வரிசையாக எழுத்தில் இருக்கும், மாறின இலக்குகளையும் அதில் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து விளங்காத சொல்லை எழுதிவையுங்கோ. கொப்பியில் இன்னொரு பக்கத்தில் மிஷனின் பெயர், எந்தக் கப்பலைக் காத்தது, எது தப்பியது என்றும் குறித்தால், நீண்ட தொடர்களில் ஆட்களின் பெயர் குழம்பாது.

இரண்டு தொடர் முடித்தபிறகு ஃப்ரெட் என்ற மிஷன் கட்டுகிற கருவியைத் திறந்து பாருங்கோ. ரசிகர்கள் இதை வைத்துத்தான் எல்லாம் கட்டினார்கள். விண்டோஸ் கணினியில் ஓடும். மிஷன் பைல் வெறும் எழுத்துப் பைல், நோட்பேட்டிலும் திறந்து வாசிக்கலாம். உங்களுக்குப் பிடித்த ஒரு மிஷனைப் பிரதியெடுத்துத் திறந்து, எந்தக் கப்பல் எப்போது வரவேண்டும், எது அழிந்தால் என்ன நடக்கவேண்டும் என்று எழுதினவர் எப்படி அடுக்கியிருக்கிறார் என்று பாருங்கோ. பிறகு நீங்களே ஒன்று கட்டுங்கோ. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டார்களே, அந்த மாதிரி ஒரேயொரு பயணிகள் கப்பல், ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு. காவலுக்கு ஒரு அணி, மறிக்க ஒரு அணி. முதல் மிஷனுக்கு அதற்குமேல் ஒன்றும் போடாதேயுங்கோ. கட்டினதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து விளையாடவிட்டு, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பின்னால் நின்று பார்த்துத் திருத்துங்கோ.